சரோஜாவின் வெள்ளைக் குழம்பு

என் சரோஜாவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. போய்ச் சேர்ந்தவளிடம் அதை எப்படிக் கேட்பது? அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நான் உன் மேல் கடுங்கோபத்தில் இருக்கிறேன்.

நீ போனதற்குக் கோபம் இல்லை. காமாலை வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், யார் யாரோ சொன்ன கீழாநெல்லியையும் அரைத்துக் கொடுத்துப் பார்த்தோம். நீ போய்விட்டாய். அதற்கு அழுதேன், இப்போதும் அழுகிறேன், அது தனி. கோபம் சமையல்கட்டு சம்பந்தப்பட்டது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் இரண்டும் பின்னால் துணி துவைக்கிற கல் மேல் ஏறி பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். குமார்தான் டிரைவர். செல்வி கண்டக்டர், பூந்தமல்லி, கரையான்சாவடி என்று தொண்டை கிழியக் கத்துகிறாள். கடலைப்பருப்பு ஊறிக்கொண்டிருக்கிறது. அது ஊறுவதற்குள் உன்னிடம் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஏன்டி, உன் பிள்ளைகளுக்கு ஒரு சாப்பாட்டின் பெயரையாவது ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தாயா?

நீ போன பிறகு முதலில் கொஞ்ச நாள் சொந்தக்காரர்கள் சமைத்தார்கள். பிறகு அவரவர் வீட்டைப் பார்க்கப் போனார்கள். அடுப்படியில் நான் மட்டும். நான் செம்பரம்பாக்கத்து ஏரிப்பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் இருந்ததைத் தின்றோம், இதுதான் வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அந்த நினைப்பில் சாம்பார் வைத்தேன், ரசம் வைத்தேன், முட்டை பொரித்தேன். சுமாராகத்தான் இருந்தது, ஆனால் சோறுதானே? செல்வி தட்டைத் தள்ளிவிட்டாள்.

"இது வோணாம்ப்பா. வெள்ளக் கொழம்பு குடு."

"வெள்ளக் கொழம்புன்னா இன்னாம்மா?"

"அம்மா குடுப்பாங்களே, அது."

"அத்த எதுல செய்வாங்க?"

"சட்டில."

குமார் பெரிய மனுஷன் மாதிரி உதவிக்கு வந்தான். "வெள்ளயா இருக்கும்ப்பா. ஆனா மோர்க் கொழம்பு இல்ல. மஞ்சளாவும் கொஞ்சூண்டு இருக்கும். ஆனா சாம்பாரும் இல்ல."

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஃபாக்டரியில் டிராயிங் இல்லாமல் ஒரு போல்ட்கூடப் போட மாட்டோம். இங்கே வெள்ளையாக இருக்கும், ஆனால் வெள்ளை இல்லை என்று ஒரு குழம்பு.

ஆனாலும் முயன்றேன். சாம்பாரில் பாலை ஊற்றினேன், திரிந்து கட்டிகட்டியாக நின்றது. தேங்காயை அரைத்துத் தயிரில் கலக்கினேன், செல்வி ஒரு வாய் வைத்துவிட்டு அதை மெதுவாகத் தட்டிலேயே துப்பிவிட்டாள். அரிசி கழுவின தண்ணீரில்கூட ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

அதோடு முடிந்ததா? மழை பெய்தால் "மய சோறு" வேண்டும். மழை பெய்வதற்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டால், "மய பேஞ்சா அம்மா அதான் குடுப்பாங்க" என்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் "ஒளிஞ்ச உருண்ட" வேண்டும். எது ஒளிந்தது, எங்கே ஒளிந்தது? உன்னைக் கேட்கலாம் என்றால் நீ ஒளிந்துகொண்டாய்.

கேன்டீனில் சமைக்கிற மாஸ்டரைக் கேட்டேன். "வெள்ளையா ஒரு கொழம்பா? அதுக்குப் பேரு தண்ணி, ஏழுமல" என்றார். பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் அக்காவின் வீட்டுக்காரர் முத்தையா என் செக்ஷன்தான். அவரிடமும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "எங்க வீட்ல அப்படி ஒண்ணும் வைக்கது கெடையாதே" என்று கையை விரித்துவிட்டார். அந்த மனுஷன் அன்று மத்தியானம் தன் டிபன் கேரியரில் எதைக் கொண்டுவந்திருந்தார் என்று இப்போது நினைத்தால் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பெண்களிடம் கேட்டிருக்கலாமே என்கிறாய். குவார்ட்டர்ஸில் ஒரு ஆம்பளை பின்வாசல் வழியாகப் போய், யக்கா வெள்ளைக் குழம்பு எப்படி வைப்பது என்று கேட்பானா? அதுவும் அதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். அது பெரிய கூத்து. அதையும் கேள்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான் சமையல்கட்டு அலமாரியை ஒழுங்கு பண்ணினேன். நம் வீட்டுப் பாத்திரங்களுக்கு நடுவில் தங்கம்மாள் என்று பேர் வெட்டிய தூக்கு ஒன்று இருந்தது. அதற்கடுத்த வீட்டுப் பழனியம்மாள் பேர் வெட்டிய டப்பா ஒன்று இருந்தது. உன் பேர் வெட்டின தூக்கையும் சம்புடத்தையும் காணோம். எனக்கு ஒரே எரிச்சல். பாத்திரங்கள் இப்படி ஊர் மேயலாமா?

எங்கள் டூல் ரூம் வழக்கம் உனக்குத் தெரியும். டோக்கனைக் கொடுத்து ஸ்பானரை எடுத்தால், வேலை முடிந்ததும் துடைத்துத் திருப்பிக் கொடுத்து டோக்கனை வாங்கிக்கொள்ள வேண்டும். எடுத்தது எடுத்த இடத்துக்கு. அப்படியே செய்தேன். அந்தத் தூக்கையும் டப்பாவையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று ஆக்கி, இரண்டு வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"உங்க சாமான் யக்கா. பாத்துக்கோங்க. எங்க ஊட்டு தூக்கு உங்ககிட்ட கீதா? இருந்தா குட்துடுங்க."

தங்கம்மாள் அக்கா தூக்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் உள்ளே பார்த்தார். நெளிவு இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போய் உன் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். பழனியம்மாளும் அப்படியே. நான் பொறுப்பான மனுஷன் என்ற நிறைவோடு வீட்டுக்கு வந்தேன்.

இதற்குள் செல்வி இளைத்துவிட்டாள். குமாராவது கடையில் பன், வறுக்கி என்று எதையாவது வாங்கித் தின்று சமாளித்தான். அவள் அதையும் தொடவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நின்றவள் மயங்கி விழுந்துவிட்டாள். டீச்சர் ஆள் அனுப்பினார், நான் பாதி ஷிஃப்டில் ஓடினேன்.

சேதி எப்படித்தான் திருமழிசைக்குப் போனதோ. மறுநாளே உன் அண்ணன் கோவிந்தன் வந்து நின்றார். உன் அண்ணனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரஸ் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர், வார்த்தையும் அதே மாதிரிதான் விழும். செல்வியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"மாப்ள, பெரிய பரீட்ச முடியட்டும். அன்னிக்கே வந்து ரெண்டு பேரயும் இட்டுகினு பூடறேன். அங்க இஸ்கோல்ல சேத்துக்கலாம். எங்க ஊட்டுக்காரி சமச்சி போடுவா. நீ ஞாயித்துக்கெழம வந்து பாத்துக்கோ."

"ஏன் மச்சான், நா பாத்துக்க மாட்டனா?"

"நீ நல்லாத்தான் பாத்துக்கிற. நா இல்லன்னு சொல்லல. ஆனா புள்ளைங்க துன்ன வோணாமா?"

அவர் சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. உன் அண்ணி நல்லவள், அங்கே பிள்ளைகள் பட்டினி கிடக்க மாட்டார்கள். ஆனால் நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் உள்ளே யார் இருப்பார்கள்? நீயும் இல்லை, அவர்களும் இல்லை என்றால் அதற்குப் பெயர் வீடா?

அன்றிலிருந்து பரீட்சை நெருங்க நெருங்க எனக்குத்தான் காய்ச்சல். குமார் கணக்குக்குப் பயந்தான். நான் அந்தக் கணக்குப் பரீட்சை நடக்காமலே போகக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாம்பார் வைத்துவிட்டு செல்வியைக் கூப்பிட்டால் ஆளைக் காணோம். பின்வாசலுக்குப் போனேன். தங்கம்மாள் அக்கா வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. எட்டிப் பார்த்தேன். உன் மகள் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக் குழம்புச் சட்டிக்கு முன்னால் நிற்கிறாள். முத்தையா பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"இது எங்கம்மா கொழம்பு! நீங்க ஏன் வச்சிகினீங்க?"

எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அடுத்த வீட்டுக்குள் நுழைந்து திருட்டுப் பட்டம் கட்டுகிறாள். ஓடிப்போய் அவளை இழுக்கப் போனேன். தங்கம்மாள் அக்கா பிள்ளையின் தலைக்கு மேலே என்னைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆமாட்டி. ஒங்கம்ம குழம்புதான். அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா. வா, வந்து உக்காரு."

செல்வி உட்கார்ந்தாள். சாப்பிட்டாள், சரோஜா. போட்டதைச் சாப்பிட்டாள், இன்னும் கேட்டாள், அதையும் சாப்பிட்டுவிட்டுத் தட்டை வழித்து நக்கினாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முத்தையா எழுந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இனி என்ன வெட்கம் என்று கேட்டேன். "யக்கா, சரோஜா உங்களுக்கு சொல்லிக் குட்தத நீங்க எனக்கு சொல்லிக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது.

"தம்பி, நான் தின்னவேலிக்காரி. எனக்குச் சொதி வைக்க ஒருத்தி வந்து சொல்லித் தரணுமாக்கும்? பச்சப்புள்ள நிக்க நிலையப் பாத்து வாயில வந்ததச் சொன்னேன். உங்க வீட்டுக்கு வாராவாரம் சொதி போனது இந்த அடுப்புலேர்ந்துதான்."

சொதி. அதன் பெயர் சொதி! தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பையும் காய்கறியையும் வேகவைத்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்து ஊற்றி, இறக்கி வைத்து எலுமிச்சம்பழம் பிழிவது. திருநெல்வேலிப் பக்கம் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அதற்கு வெள்ளைக் குழம்பு என்று பேர் வைத்து என் உயிரை வாங்கியிருக்கிறாய்.

அக்கா சும்மா இருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்துப் பழனியம்மாளையும் கூப்பிட்டார். அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் ஈரக்கையோடு வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அதற்கும் அடக்க முடியவில்லை.

"ஏனுங்கண்ணா, மழை பேஞ்சா அரிசியும்பருப்புச் சோறு எங்கூட்லிருந்துதானுங்க வரும். குளுருக்கு இதமா இருக்கும்னு சரோஜாக்கா கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாதுங்க. ஒளிந்த உருண்டை என்பது பூரணத்தை மாவுக்குள் ஒளித்துப் பொரிக்கிற அக்கா வீட்டு சுசியம் என்றும் தெரியாதுங்க. இத்தனை வருஷம் நான் முன்வாசலில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்திருக்கிறேன், நீ பின்வாசலில் ஒரு தனி அரசாங்கமே நடத்தியிருக்கிறாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் தேங்காயைத் தயிரில் கரைத்துக்கொண்டும் பாலைச் சாம்பாரில் ஊற்றிக்கொண்டும் கிடந்தது இருபதடி தள்ளி இருந்த ஒரு சட்டிக்காகவா?

"அப்பறம் ஏன்க்கா நிறுத்திட்டீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழனியம்மாள்தான் சொன்னது. "நீங்கதானுங்கண்ணா காலி டப்பாவக் கொண்டாந்து குடுத்தீங்க. வெறும் ஏனத்தத் திருப்பினா, இனி வேண்டாம்னுதானுங்களே அர்த்தம். உங்க ஏனத்தையும் கேட்டு வாங்கிட்டீங்க. பொம்பளயில்லாத வீடு, இதெல்லாம் புடிக்கலையாட்டம் இருக்குதுன்னு விட்டுட்டோமுங்க."

"ஒரு கருவேப்பிலைக் கொத்தாவது போட்டிருக்கலாமே தம்பி" என்றார் அக்கா. "ஒரு பிடி சீனி போட்டிருந்தாக்கூட மறுநாளே குழம்பு வந்திருக்கும். நாங்க குழம்ப வச்சிட்டு உங்க வாசலையே பாத்துக்கிட்டுல்லா இருந்தோம்."

அப்பா, என்ன பளபளப்பு! அந்தப் பளபளப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஆனால் இதுவும் உன்னால்தான். வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று கட்டின புருஷனுக்கு ஒரு நாளாவது சொன்னாயா? டூல் ரூம்காரனுக்கு என்ன தெரியும்?

ஏன் என்னிடம் மறைத்தாள் என்று கேட்டேன். அக்கா சொன்ன பதில் என்னை இன்னும் கடுப்பேற்றியது.

"மொத தடவ சொதி குடுத்து விட்டப்போ நீங்க தின்னுட்டு, ஒன் கை மணம் ஊர்ல எவளுக்கும் வராதுன்னு சொன்னீங்களாம்லா. அந்த மொகத்தப் பாத்துட்டு எப்படிக்கா சொல்ல, நாளைக்குச் சொல்லிக்கிடுதேன்னு சொன்னா. அப்பறம் ஒவ்வொரு தடவையும் நாளைக்குத்தான்."

பார்த்தாயா? பாராட்டினதும் என் தப்பாகிவிட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். மறுநாள் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருப்பேன். ஒரு நாள் சங்கடத்துக்குப் பயந்து எங்கள் மூன்று பேரையும் இப்படித் தவிக்க விட்டாயே, இது நியாயமா?

"சும்மாவா குடுத்தீங்க இவ்ளோ நாளு?" என்று கேட்டேன். அதற்கு இரண்டு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "வடகறிங்கண்ணா" என்றது பழனியம்மாள். அவர்கள் ஊரில் அப்படி ஒன்று கிடையாதாம். ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு உன் வடகறி வரவில்லை என்றால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இட்லியைத் தொட மாட்டார்களாம். நீ போன பிறகு அந்தப் பிள்ளைகளும் இரண்டு மாசம் அழுதார்களாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் "கை வலிக்குதுங்க" என்று சொல்லி ஆட்டுக்கல்லில் ஒரு மலை கடலைப்பருப்பை என்னிடம் தள்ளுவாயே. நாலு பேருக்கு எதற்கடி இவ்வளவு என்று நான் கத்துவேன். "நைசா ஆட்டிடாதீங்க, கொரகொரன்னு எடுங்க" என்று உள்ளேயிருந்து உத்தரவு வரும். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மாவாட்டின ஆள் நான். அப்படியானால் அந்தச் சொதியில் என் கூலியும் இருந்திருக்கிறது. அதையாவது என்னிடம் சொல்லியிருக்கலாம்.

சரி, ஆட்டத் தெரியும், மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். பருப்பை சோம்போடு கொரகொரவென்று ஆட்டினேன். கிள்ளிக் கிள்ளி எண்ணெயில் போட்டேன், ரேஷன் பாமாயில் பொங்கி வந்தது, பதறி அடுப்பை அணைத்தேன். வெங்காயம், தக்காளி, பட்டை, கிராம்பு எல்லாம் வதக்கி, பொரித்ததை உதிர்த்துப் போட்டுக் கொதிக்க வைத்தேன். பார்க்க உன்னுடையது மாதிரியே இருந்தது. இரண்டு பாத்திரத்தில் ஊற்றி குமாரிடம் ஒன்று, செல்வியிடம் ஒன்று கொடுத்து அனுப்பினேன்.

போன வேகத்தில் செல்வி திரும்பி வந்தாள். "அப்பா, அதுல உப்பே இல்லியாம்." "ஆனா எல்லாரும் துன்னுட்டாங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே பாத்திரங்கள் திரும்பி வந்தன, ஒன்றில் சுசியத்தோடு, ஒன்றில் கத்தரிக்காய்ப் பொரியலோடு. பழனியம்மாள் அரிசியும்பருப்புக்குப் பக்குவமும் சொல்லிவிட்டது. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம் தாளித்து அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகக் குக்கரில் போட வேண்டும், அவ்வளவுதான், கடைசியில் நெய். நானே வைத்தேன். இவ்வளவு சுலபமான சோற்றுக்கா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று வயிற்றெரிச்சலாக இருந்தது.

இப்போது உப்பு பார்ப்பது செல்வியின் வேலை. குழம்பு கொதித்ததும் உள்ளங்கையை நீட்டுவாள், நான் ஊதி ஒரு சொட்டு விடுவேன். நக்கிவிட்டு, ஜட்ஜ் மாதிரி யோசித்து, "போடு" என்பாள், "நிறுத்து" என்பாள். அடுப்படியில் எனக்கு மரியாதையே கிடையாது.

பரீட்சை முடிந்தது. சொன்ன சொல் தவறாமல் உன் அண்ணன் பெரிய பையோடு வந்துவிட்டார். பிள்ளைகளின் துணியை எடுத்து வைத்தாயா என்றுதான் முதலில் கேட்டார். சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் மச்சான் என்று பாயைப் போட்டேன். அவர் மறுபடி கேட்பதற்குள் கரண்டியை எடுத்துப் பரிமாற ஆரம்பித்தேன்.

அன்று அக்கா கொடுத்துவிட்ட சொதி இருந்தது. ஒரு வாய் வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். உன் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை, சுடுகாட்டில்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற மனுஷன்.

"மாப்ள, இது என் தங்கச்சி கைமணம். நா இங்க வந்தா இதான் போடுவா. அப்படியே கீது மாப்ள."

இது தங்கம்மாள் அக்கா வைத்த சொதி மச்சான், உங்கள் தங்கச்சிக்கு இதை வைக்கத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். விழுங்கிவிட்டேன். உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஒரு நிமிஷம் எனக்குப் புரிந்தது. புரிந்தது என்றால் கோபம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதே.

சாப்பிட்டு முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் மறுபடி விஷயத்துக்கு வந்தார். "நல்லாத்தான் கீது மாப்ள. ஆனா எத்தினி நாளிக்கி நீ இப்பிடி வேலக்கும் போய் அடுப்புலயும் வேவ? உன்னால முடியாது." பிறகு செல்வியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "கண்ணு, மாமா ஊட்டுக்கு வரியா? அங்கியே இருக்கலாம். அத்த சூப்பரா சமப்பாங்க."

பிள்ளை ஆசைப்பட்டால் அனுப்புவது என்று மனசுக்குள் முடிவு பண்ணியிருந்தேன். அவளுக்கு உடம்பு தேறினால் போதும், எனக்கென்ன.

செல்வி யோசித்தாள். அவளுக்கு அத்தையை ரொம்பப் பிடிக்கும்.

"வர முடியாது மாமா. எங்கப்பாக்கு ஒண்ணும் தெரியாது. நா பூட்டா யாரு உப்பு பாக்கறது?"

உன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் எழுந்து கையைக் கழுவினார். பிள்ளைகளின் தலையைத் தடவினார். கொண்டுவந்த பையை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, திருமழிசைக்குப் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

எனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லிக் கூட்டிப்போக வந்தார், சரோஜா. எனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லித்தான் உன் மகள் இங்கேயே இருந்துவிட்டாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் குட்டை நான் உடைக்க மாட்டேன். இந்தப் பிள்ளைகளுக்கு அது அம்மாவின் வெள்ளைக் குழம்பாகவே இருக்கட்டும். அவர்கள் வளர்ந்து, அவர்களாகக் கேட்கிற நாளில் பொய் சொல்ல மாட்டேன். அதுவரை உன் மானம் என் பொறுப்பு. ஆனால் நான் உன்னிடம் வந்து சேரும் நாளில் இந்தச் சண்டையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பேன். பதிலை இப்போதே யோசித்து வை.

பருப்பு ஊறிவிட்டது. கண்டக்டர் கூப்பிடுகிறாள், போக வேண்டும்.

இன்னும் உன் மேல் கோபமாக இருக்கிற,
குமாருக்கும் செல்விக்கும் அப்பா,
உன் வீட்டுக்காரன் ஏழுமலை